லூசில் பாலும் ஒரு நெகடிவும்: தொலைக்காட்சி மறுஒளிபரப்பின் அரிச்சுவடி

'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடரால் புகழ்பெற்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை லூசில் பாலைப் பற்றிப் பேசுவோர் ஏறத்தாழ ஒரே வரிசையில் சில செய்திகளைச் சொல்வார்கள். மூன்று கேமராக்களை வைத்து நகைச்சுவைத் தொடர் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். கருவுற்ற பெண்ணைச் சின்னத்திரையில் முதன்முதலாகக் காட்டியவர் அவர். மறுஒளிபரப்பு என்ற ஏற்பாடே அவரால் வந்தது. அதனால் சாகும்வரை அவருக்குப் பணம் கொட்டிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடரும் அவருடைய படைப்புத்தான். இவற்றுள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒன்றுகூட அப்படியே உண்மையில்லை. இந்த ஐந்து செய்திகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஒரு தொழில் ஏற்பாடு: ஒரு நிகழ்ச்சியைப் பிலிமில் எடுத்து, அந்தப் பிலிமின் உரிமையை யார் கையில் வைத்திருப்பது என்பது. அது விளங்கிவிட்டால் லூசில் பாலின் வாழ்க்கையும் விளங்கும். தொலைக்காட்சித் தொடர்கள் எப்படிச் சொத்தாகின்றன என்பதும் விளங்கும்.

நாற்பது வயதில் வந்த வெற்றி

லூசில் பால் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தொலைபேசிக் கம்பி இழுக்கும் தொழிலாளி. லூசிலுக்கு மூன்று வயதாக இருந்தபோது, 1915இல், அவர் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். பக்கத்திலிருந்த செலொரான் என்ற ஊரில், தாய்வழித் தாத்தாவின் வீட்டில்தான் லூசிலின் இளமை பெரும்பாலும் கழிந்தது. பதின்ம வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அங்கே அப்போது எல்லோராலும் புகழப்பட்ட மாணவி, பின்னாளில் பெரிய திரை நட்சத்திரமான பெட்டி டேவிஸ். லூசிலோ மேடையில் வாய் திறக்கவே கூசியவர். இந்தப் பெண்ணுக்காகச் செலவழிப்பது வீண் என்று பள்ளி அவருடைய தாயாருக்குத் தெரிவித்துவிட்டது.

பிறகு ஆடை அலங்கார மாடலாக வேலை பார்த்தார். 1933இல் ஹாலிவுட்டுக்குப் போய், பாட்டுக் காட்சிகளில் பின்னால் நிற்கும் அழகிகளில் ஒருவராகத் திரையில் தலை காட்டினார். 1930களின் நடுவிலிருந்து ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் மாதச் சம்பள நடிகை, 1940களில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் ஒப்பந்தம். எத்தனையோ படங்கள், எத்தனையோ துணைப் பாத்திரங்கள், செலவு குறைந்த படங்களில் நாயகி வேடங்கள். ஆனாலும் ஒரு படமாவது அவர் பெயருக்காகவே ஓடியது என்று சொல்வதற்கில்லை. பின்னாளில் அவருடைய அடையாளமாகிப்போன சிவப்புத் தலைமுடிகூட எம்.ஜி.எம். காலத்தில் போட்ட சாயம்தான். பிறவியில் அவருக்குப் பழுப்பு முடி. (அந்தச் சிவப்பை உலகப் புகழ் பெறச் செய்த தொடர் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது என்பது தனி வேடிக்கை.)

1940இல், ஆர்.கே.ஓ.வில் ஒரு படப்பிடிப்பின்போது கியூபாவைச் சேர்ந்த டெசி ஆர்னாஸ் என்ற பாடகரைச் சந்தித்தார். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். டெசி அவரைவிட ஐந்தரை வயது இளையவர். அவருடைய தந்தை சாண்டியாகோ நகரத்து மேயராக இருந்தவர். 1933ஆம் ஆண்டுப் புரட்சியில் சொத்து சுகம் அனைத்தையும் இழந்த குடும்பம் மியாமிக்கு வந்து பிழைக்க நேர்ந்தது. ஒரு வாத்தியக் குழுவைத் தலைமை தாங்கி ஊர் ஊராகச் சுற்றுவது டெசியின் தொழில். கணவர் ஊர் சுற்ற, மனைவி ஸ்டுடியோவில் இருக்க, இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் இருந்த நாட்கள் குறைவு. தொலைக்காட்சிக்கு அவர்கள் வந்ததற்கு இதுவே முதல் காரணம்.

வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு

1948 முதல் 1951 வரை, சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில், பேங்க் அதிகாரி ஒருவரின் துடுக்கு மனைவியாக லூசில் ஒரு நகைச்சுவைத் தொடரில் நடித்தார். பார்வையாளர்கள் எதிரில் அமர்ந்திருக்க, ஒலிவாங்கிக்கு முன் நின்று நடிக்கும் நிகழ்ச்சி அது. ஆள் எதிரில் இருந்தால்தான் தன் நடிப்பு உயிர் பெறுகிறது என்பதை அவர் அங்கேதான் கண்டுகொண்டார். தயாரிப்பாளரும் தலைமை எழுத்தாளருமான ஜெஸ் ஓப்பன்ஹைமர், எழுத்தாளர்கள் மேடலின் பியூ, பாப் கேரல் ஆகிய மூவரும் அங்கே கிடைத்தவர்கள். பிற்பாடு தொலைக்காட்சிக்கும் அவர்களே எழுதினார்கள்.

அந்தத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். விரும்பியபோது, கணவன் பாத்திரத்தில் டெசிதான் நடிக்க வேண்டும் என்று லூசில் நிபந்தனை வைத்தார். கியூப உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் ஒருவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனத்தார் தயங்கினார்கள். தம்பதியர் 1950ஆம் ஆண்டுக் கோடையில் மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு பல நகரங்களில் நடத்தி, மக்கள் சிரிப்பதை நேரடியாக நிறுவிக் காட்டினார்கள். இருவர் பெயரின் முன்பகுதிகளையும் ஒட்டி 'டெசிலு' என்ற தயாரிப்பு நிறுவனமும் அந்த ஆண்டில் பிறந்தது. தொடருக்கு மாதிரியாகக் காட்டும் முன்னோட்டப் பகுதி 1951 மார்ச் மாதம் எடுக்கப்பட்டது. பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் விளம்பரதாரராக வந்தது. அந்நாளில் விளம்பரதாரர் என்பவர் நிகழ்ச்சிக்கு நடுவே சில விநாடிகளை வாங்குபவர் மட்டுமல்லர். நிகழ்ச்சியின் செலவையே ஏற்று, எதை எப்படி ஒளிபரப்புவது என்பதிலும் வாய் வைப்பவர்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: லூசில் பால் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பது, பதினெட்டு ஆண்டுத் திரை அனுபவம், தேர்ந்த எழுத்தாளர் குழு, கணவரோடு ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவை கைவசம் இருந்தன. அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் அடுத்த சிக்கல் கிளம்பியது.

நேரலையும் கினஸ்கோப்பும்

இன்று நாம் பார்க்கும் தொடர்கள் எல்லாம் முன்பே பதிவு செய்யப்பட்டவை. 1951இல் நிலைமை வேறு. அமெரிக்காவின் பெரும்பாலான தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நியூயார்க் நகரிலிருந்து நேரலையாக, அதாவது நடிக்கும் அதே கணத்தில், ஒளிபரப்பாயின. நடிகர் வசனத்தை மறந்தால் நாடே பார்க்கும். நிகழ்ச்சி முடிந்ததும் அது காற்றோடு போயிற்று. காட்சியைப் பதிவு செய்யும் வீடியோ நாடா 1956இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நேரலை போய்ச் சேராத ஊர்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு இருந்தது. தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு பிலிம் கேமராவை நிறுத்தி, திரையில் தெரிவதைப் படம் பிடித்து, அந்தப் பிலிமை அஞ்சலில் அனுப்புவார்கள். இதற்குக் கினஸ்கோப் என்று பெயர். திரையில் தெரிவதைப் படம் எடுத்தால் என்ன தரம் வருமோ அந்தத் தரம்தான்: கோடுகள் தெரியும், முகங்கள் மங்கும், ஓரங்கள் கருக்கும்.

டெசியும் லூசிலும் கலிபோர்னியாவிலேயே இருந்து தொடரை எடுக்க எண்ணினார்கள். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பங்கு கிழக்குக் கரையில் இருந்தது. ஹாலிவுட்டில் நேரலையாக நடித்தால் நியூயார்க்கும் சிகாகோவும் மங்கலான கினஸ்கோப்பைத்தான் பார்க்க வேண்டிவரும். சிகரெட் வாங்குவோர் மிகுதியாக இருக்கும் இடத்துக்குக் கலங்கிய படத்தை அனுப்ப விளம்பரதாரர் இசையவில்லை. நியூயார்க்குக்குக் குடிபெயருங்கள் என்றார்கள். தம்பதியர் மறுத்தார்கள். முதல் குழந்தை லூசி 1951 ஜூலை 17 அன்று பிறந்த நேரம் அது.

வழி ஒன்றுதான் இருந்தது. திரைப்படம் எடுப்பதுபோல், 35 மில்லிமீட்டர் பிலிமில் நேரடியாகத் தொடரை எடுத்துவிட்டால், எந்தக் கரையில் பார்த்தாலும் ஒரே தெளிவு கிடைக்கும்.

ஆயிரம் டாலரும் நெகடிவும்

பிலிமில் எடுப்பதற்குச் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவின் ஒரு பகுதியைச் சி.பி.எஸ். ஏற்றது, ஒரு பகுதியை விளம்பரதாரர் ஏற்றார். மிச்சத்துக்காக, தம்பதியரின் வாரச் சம்பளமான 5,000 டாலரில் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். டெசி சம்மதித்தார், பதிலுக்கு ஒன்று கேட்டார். முதல் ஒளிபரப்பு முடிந்த பிறகு அந்தப் பிலிம்கள் டெசிலு நிறுவனத்துக்கே சொந்தமாக வேண்டும்.

எதிர்ப்பக்கத்தார் எளிதாக ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை பார்த்த நகைச்சுவையை யார் இன்னொரு முறை பார்ப்பார்கள் என்பதுதான் அன்றைய பொதுப் புத்தி. நேரலைக்குப் பழகிய தொழிலுக்கு, நேற்றைய நிகழ்ச்சி என்பது நேற்றைய செய்தித்தாள்.

டெசி கேட்டதன் பொருளைப் புரிந்துகொள்ள ஒரு தென்னந்தோப்பை நினைத்துப் பாருங்கள். குழி வெட்டிக் கன்று நட்டவருக்கு அன்றைய கூலி அன்றே தீர்ந்துபோகும். கன்று மரமாகி ஆண்டுக்கணக்கில் காய்க்கும்போது, பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் காய். கூலியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துப் பட்டாவைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியவர் டெசி. இங்கே பட்டா என்பது நெகடிவ். படப்பிடிப்பில் கேமராவுக்குள் ஓடிய மூலப் பிலிம்தான் நெகடிவ். அதிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் அது ஒன்றுதான் உண்டு. அதை வைத்திருப்பவரே நிகழ்ச்சியை மறுபடி விற்க முடியும்.

இந்த உரிமை தம்பதியருக்கு மட்டும் முழுதாகப் போகவில்லை. தொடரை உருவாக்கிய ஓப்பன்ஹைமருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. இப்படி ஒரு உரிமையை முதலில் உணர்ந்தவர் டெசி என்றும் சொல்வதற்கில்லை. கௌபாய்ப் பட நாயகர் வில்லியம் பாய்ட், தாம் நடித்த 'ஹாப்பலாங் காசிடி' படங்களின் உரிமையைக் கடன்பட்டு வாங்கி, 1949 முதல் தொலைக்காட்சியில் ஓடவிட்டுப் பெரும் பணம் பார்த்திருந்தார். ஆனால் அவை திரையரங்குக்காக எடுத்த பழைய படங்கள். தொலைக்காட்சிக்கென்றே எடுக்கும் ஒரு நகைச்சுவைத் தொடரில், எடுக்கும் முன்பே உரிமையைப் பேசி வாங்கியதில்தான் டெசியின் சாமர்த்தியம் இருக்கிறது. இந்தப் பேரத்தைப் பேசியவர் லூசில் அல்லர், டெசி. லூசிலின் வணிக மூளை என்று இன்று புகழ்பவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

சுருக்கமாக: கினஸ்கோப்பின் மங்கலைத் தவிர்க்கப் பிலிம் வந்தது, பிலிமின் செலவை ஈடுகட்டச் சம்பளம் குறைந்தது, குறைந்த சம்பளத்துக்கு மாற்றாக நெகடிவின் உரிமை வந்தது.

மூன்று கேமராக்கள்

இப்போது ஒரு முரண்பாடு எழுந்தது. திரைப்பட முறையில் ஒரே கேமராவை வைத்து, ஒவ்வொரு கோணமாக நிறுத்தி நிறுத்தி எடுத்தால், நாடகம்போல் தொடர்ந்து நடிக்க முடியாது; பார்வையாளர் சிரிப்பும் கிடைக்காது. லூசிலுக்கோ பார்வையாளர் வேண்டும். ஆகவே மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, காட்சியை வரிசைப்படி நாடகமாகவே நடித்து, சுமார் 300 பேர் அமர்ந்து பார்க்கும் ஸ்டுடியோவில் எடுப்பது என்று முடிவாயிற்று. நடுவிலிருக்கும் கேமரா மொத்த மேடையையும் பார்க்கும். பக்கங்களிலிருக்கும் இரண்டும் நெருக்கமான முகங்களைப் பிடிக்கும்.

பல கேமராக்களால் பிலிமில் எடுக்கும் முயற்சிகள் இதற்கு முன்பே நடந்தவை. ஜெர்ரி ஃபேர்பேங்க்ஸ் என்பவர் 1940களின் இறுதியிலேயே அப்படியொரு முறையை அமைத்திருந்தார். ஒரு போட்டி நிகழ்ச்சியில் அந்த வகை வேலையைப் பார்த்திருந்த ஆல் சைமன் என்பவரைத்தான் டெசிலு தன் குழுவில் சேர்த்துக்கொண்டது. ஆகவே 'கண்டுபிடித்தார்கள்' என்பது மிகை. அதைப் பார்வையாளர் முன்னிலையில் வாராவாரம் தவறாமல் நடக்கும் ஒரு நடைமுறையாக்கினார்கள் என்றால் சரியாக இருக்கும். என் பார்வையில் அதுவே கண்டுபிடிப்பைவிடக் கடினமான வேலை.

எங்கே கடினம்? வெளிச்சத்தில். ஒரு கேமரா என்றால் அதன் கோணத்துக்கு ஏற்ப விளக்கை மாற்றிக்கொள்ளலாம். மூன்று கோணங்களும் ஒரே சமயத்தில் ஓடும்போது, ஒன்றுக்குப் பொருந்தும் விளக்கு இன்னொன்றில் முகத்தின்மேல் நிழலாக விழும். இதைத் தீர்க்க டெசி அழைத்துவந்தவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியின் மௌனப்படக் காலத்தில் 'மெட்ரோபொலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ஹாலிவுட்டில் 'தி குட் எர்த்' படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். அவர் விளக்குகளைத் தரையிலிருந்து மேலே தூக்கி, மேடை முழுவதும் சீரான வெளிச்சம் விழும்படி தொங்கவிட்டார். வெளிச்சம் எங்கும் ஒன்றுபோல் இருக்கும்போது மாறுபாட்டைப் பொருள்களில்தான் கொண்டுவர வேண்டும். அதனால் சுவர்கள், சாமான்கள் எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அடர்த்திகளில் வண்ணம் பூசச் செய்தார். நியூயார்க்கின் நடுத்தரக் குடும்பத்து வீடாக நாம் பார்க்கும் அந்த அறை, நேரில் பார்த்தவர்களுக்குச் சாம்பல் பூத்த அறை.

படத்தொகுப்புக்கும் தனிக் கருவி வேண்டியிருந்தது. மூன்று கேமராக்களின் பிலிம்களையும் ஒலியையும் ஒருசேர ஓட்டிப் பார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். அதற்குத் தொகுப்பு அறையில் வைத்த பட்டப்பெயர் 'மூன்று தலைப் பூதம்'.

ஒரே குடும்பம், ஒரே வீடு, வாரம் ஒரு குழப்பம் என்று அதே பாத்திரங்களை வைத்துச் சுழலும் இத்தகைய நகைச்சுவைத் தொடருக்குச் சிட்காம் என்று பெயர். 'ஐ லவ் லூசி' என்ற இந்தச் சிட்காம் 1951 அக்டோபர் 15, திங்கட்கிழமை இரவு, சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. பக்கத்துவீட்டு வயதான தம்பதியாக விவியன் வான்சும் வில்லியம் ஃப்ராலியும் நடித்தார்கள்.

சாக்லேட் பட்டையில் என்ன நடக்கிறது

மறுபடி பார்க்கத் தூண்டுவது எது என்று தெரியாமல் மறுஒளிபரப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 1952 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான பகுதியை எடுத்துக்கொள்வோம். லூசில் நடிக்கும் லூசியும், வான்ஸ் நடிக்கும் பக்கத்துவீட்டு எத்தலும் சாக்லேட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறார்கள். நகரும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்ற வேண்டும். ஒன்றுகூடச் சுற்றாமல் போய்விடக் கூடாது. முதலில் பட்டை மெதுவாக வருகிறது, இருவரும் பெருமிதத்தோடு சுற்றுகிறார்கள். வேகம் கூடுகிறது. ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறார்கள், பிறகு இரண்டு, பிறகு தொப்பிக்குள், பிறகு சட்டைக்குள். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார். பட்டையில் ஒன்றும் மிச்சமில்லை. நல்லது என்று மகிழ்ந்து, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதில் வசனம் மிகக் குறைவு. அன்றாட அரசியல் பகடியோ, அந்த வாரத்துச் செய்தியோ எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கும் விளக்கம் தேவைப்படாது. இது தற்செயல் அன்று. லூசில் இதையெல்லாம் மேடையில் அந்தந்தக் கணத்தில் மனத்தில் பட்டபடி செய்தார் என்று நினைப்பது பெருந்தவறு. எழுத்தாளர்கள் உடல் அசைவுகளைத் தனியாகப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்து தருவார்கள். குழுவினர் அந்தப் பகுதிகளைக் 'கறுப்புச் சரக்கு' என்று அழைத்தார்கள். ஒரு சாகசம் பெண் ஒருவரால் செய்யக்கூடியதா என்பதை மேடலின் பியூ தாமே செய்து பார்த்த பிறகுதான் எழுதுவார். அதன்பின் லூசில் அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அது இயல்பாகும்வரை ஒத்திகை பார்ப்பார். சாக்லேட் பகுதிக்கு உண்மையிலேயே சாக்லேட் தோய்க்கும் தொழில் தெரிந்த ஒரு பெண்ணை அழைத்துவந்து நடிக்க வைத்தார்கள்.

குழந்தை பிறந்த நாளும் மறுஒளிபரப்பும்

இரண்டாவது ஆண்டில் லூசில் மறுபடி கருவுற்றார். தொடரை நிறுத்துவதா, மேசைக்குப் பின்னால் நிற்க வைத்து வயிற்றை மறைப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, கதையிலும் லூசி கருவுறட்டும் என்று ஓப்பன்ஹைமர் முடிவெடுத்தார். நிறுவனமும் விளம்பரதாரரும் அஞ்சினார்கள். கர்ப்பத்தைக் குறிக்கும் நேரடிச் சொல்லை உச்சரிக்கக் கூடாது என்று தடை. குழந்தையை எதிர்பார்க்கிறாள் என்றுதான் சொல்லலாம். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத மதகுரு ஆகிய மூவர் கதைவசனத்தைப் படித்துப் பார்த்து, ஆட்சேபிக்க ஒன்றுமில்லை என்றார்கள்.

குழந்தை பிறக்கும் பகுதி முன்பே எடுக்கப்பட்டு, 1953 ஜனவரி 19 அன்று இரவு ஒளிபரப்பானது. அதே நாளில் அறுவைச் சிகிச்சை மூலம் லூசிலுக்கு மகன் பிறந்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் அந்தப் பகுதியைப் பார்த்தார்கள். மறுநாள் குடியரசுத் தலைவராக ஐசனோவர் பதவியேற்ற விழாவுக்குக்கூட அத்தனை பார்வையாளர்கள் இல்லை.

கருவுற்ற பெண்ணை முதலில் காட்டியது இதுதானா? இல்லை. 'மேரி கே அண்ட் ஜானி' என்ற தொடரில், உண்மையான தம்பதியரே நடிக்க, 1948லேயே கர்ப்பமும் குழந்தைப் பிறப்பும் கதையில் வந்துவிட்டன. ஆனால் அது நேரலை. அதன் கினஸ்கோப்புகள் ஏறத்தாழ முழுவதும் அழிந்துபோயின. பிலிமில் இருந்த தொடரை மக்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், நினைவில் வைத்துக்கொண்டார்கள். காற்றில் போன தொடரை ஆய்வாளர்கள் மட்டுமே அறிவார்கள். முதலாவது என்ற பட்டம் பலமுறை முதலில் செய்தவருக்குப் போகாமல், சான்று வைத்திருப்பவருக்குப் போய்விடுகிறது.

பிரசவத்துக்குப் பின் லூசில் ஓய்வெடுத்தபோது, முதலாண்டுப் பகுதிகள் சிலவற்றைப் புதிய தொடக்கக் காட்சிகளோடு மீண்டும் ஒளிபரப்பினார்கள். ஏற்கெனவே ஒளிபரப்பானதை அதே நிறுவனமோ வேறொன்றோ மறுபடி காட்டுவதுதான் மறுஒளிபரப்பு. பழையது என்று தெரிந்தும் மக்கள் பார்த்தார்கள். பிலிமில் எடுத்த வேறு நிகழ்ச்சிகளும் அக்காலத்தில் மறுபடி ஓடியதுண்டு என்பதால் தொடக்கம் இங்கே என்று சொல்ல இயலாது. ஆனால் நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடரே அதைச் செய்தபோது, பழைய பகுதிக்கும் விலை உண்டு என்பது தொழிலுக்குத் தெரிந்துபோயிற்று.

பணம் யாருக்குப் போனது

மறுஒளிபரப்பில் இரண்டு வெவ்வேறு வருமானங்கள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் லூசிலைப் பற்றிய பெரிய தவறு பிறக்கிறது.

முதலாவது சிண்டிகேஷன். உரிமையாளர் ஒரு தொடரை ஊர் ஊராக உள்ள தனித்தனி நிலையங்களுக்கு விற்று, அவரவர் வசதியான நேரத்தில் ஓட்டிக்கொள்ள விடுவதே அது. 'ஐ லவ் லூசி' 1957 மே மாதம் நிறைவுற்றபோது அரைமணிப் பகுதிகள் 180 இருந்தன. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஓட்டினால் 36 வாரங்களுக்கு வரும். கையில் நிறையப் பகுதிகள் இருந்தால்தான் நிலையங்கள் வாங்கும் என்பதன் கணக்கு இதுதான்.

இரண்டாவது ரெசிடுவல். தாம் நடித்த பகுதி மறுபடி ஓடும்போது நடிகருக்குச் சங்க ஒப்பந்தப்படி சேரும் தொகை அது. உரிமை எதுவும் இல்லாத நடிகருக்கும் இது உண்டு. 1950களின் தொடக்கத்தில் நடிகர் சங்கம் போராடிப் பெற்ற ஏற்பாட்டில், முதல் சில மறுஒளிபரப்புகளுக்கு மட்டும்தான் பணம். எத்தனை முறை ஓடினாலும் தொடர்ந்து பணம் என்ற நிலை 1974இல்தான் வந்தது. உலகம் அறிந்த முகங்களாகிவிட்ட வான்சுக்கும் ஃப்ராலிக்கும் நெகடிவில் பங்கு கிடையாது.

லூசிலும் டெசியும் என்ன செய்தார்கள்? உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு காலம் முழுவதும் வசூலிக்கவில்லை. 1950களின் இடையில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நெகடிவ்களை 40 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகைக்குச் சி.பி.எஸ்.ஸுக்கே விற்றுவிட்டார்கள். வேண்டாம் என்று கொடுத்ததை அந்த நிறுவனம் சில ஆண்டுகளுக்குள் பெருவிலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. 1959 முதல் 1967 வரை பகல் நேரத்தில் நாள்தோறும் ஓட்டியது. பிறகு ஊர் நிலையங்களுக்கு விற்றது. இந்தப் பல்லாண்டு வசூல் போனது சி.பி.எஸ்.ஸுக்கு. சாகும்வரை லூசிலுக்குக் கொட்டியது என்ற பேச்சு இங்கே உடைகிறது.

விற்றது மடத்தனமா? பின்னோக்கிப் பார்த்துச் சொல்வது எளிது. அந்தப் பெருந்தொகை டெசிலுவின் கைக்கு வந்தது. 1957இன் இறுதியில் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவை, அதன் மனைகளும் படப்பிடிப்புத் தளங்களுமாக, சுமார் 60 லட்சம் டாலருக்கு டெசிலு வாங்கியது. லூசிலை மாதச் சம்பளத்துக்குத் துணை வேடங்களில் நிறுத்தியிருந்த அதே ஸ்டுடியோ. தம்பதியர் முதன்முதலில் சந்தித்த இடம். தளங்களை வாடகைக்கு விட்டும், 'தி அன்டச்சபிள்ஸ்' போன்ற தொடர்களைத் தயாரித்தும் டெசிலு ஹாலிவுட்டின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களில் ஒன்றாயிற்று.

மறுபடி ஒருமுறை: நெகடிவின் உரிமை லூசிலுக்குத் தந்தது மாதாமாதம் வரும் வருமானத்தை அல்ல, ஒரு ஸ்டுடியோவை வாங்கும் மூலதனத்தை.

தலைவர் நாற்காலியும் ஸ்டார் டிரெக்கும்

திருமணம் நிலைக்கவில்லை. டெசியின் குடியும் வேறு தொடர்புகளும் வீட்டை உடைத்தன. 'ஐ லவ் லூசி' முடிந்த பிறகு அதே பாத்திரங்களோடு எடுத்துவந்த ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதிகளின் கடைசிப் படப்பிடிப்பு 1960 மார்ச்சில் முடிந்த மறுநாள் லூசில் விவாகரத்து வழக்குத் தொடுத்தார். 1962இல் டெசியின் பங்கை வாங்கி டெசிலுவின் தலைவரானார். அன்றைய ஹாலிவுட்டில் அந்த அளவுள்ள நிறுவனத்தின் தலைமையில் வேறு பெண்ணைப் பார்ப்பது அரிது. அந்த நாற்காலியை அவர் விரும்பி ஏற்றவர் அல்லர். கணக்குப் புத்தகங்களைவிட ஒத்திகைக் கூடமே அவருக்குப் பிடித்த இடம்.

'ஸ்டார் டிரெக்' இந்தக் காலத்தைச் சேர்ந்தது. அதைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி. சி.பி.எஸ்.ஸைப் போன்ற மற்றோர் ஒளிபரப்பு நிறுவனமான என்.பி.சி. முதல் முன்னோட்டத்தை நிராகரித்தது. இரண்டாவதை எடுக்க அனுமதித்தது. செலவு கட்டாது என்று டெசிலுவின் இயக்குநர் குழுவில் எதிர்ப்பு இருந்தபோதும், லூசில் அதற்கும் 'மிஷன்: இம்பாசிபிள்' தொடருக்கும் இசைவு தந்தார். இரண்டும் 1966இல் ஒளிபரப்புக்கு வந்தன. அவர் பங்கு அந்த இசைவுதான். அது சிறிய பங்கு இல்லை. ஆனால் படைப்பும் அன்று.

1967இல் டெசிலுவை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு அவர் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு விற்றார். டெசிலு, அந்த நிறுவனத்தின் கையிலிருந்த பாரமவுண்ட் ஸ்டுடியோவின் தொலைக்காட்சிப் பிரிவாயிற்று. ஸ்டார் டிரெக் 79 பகுதிகளோடு 1969இல் நின்றுபோனது. அதைப் பெருந்தொடராக்கியது 1970களின் சிண்டிகேஷன். அந்த வசூலுக்கும் லூசிலுக்கும் தொடர்பில்லை. பட்டா அதற்குள் கைமாறியிருந்தது.

1962இல் தொடங்கிய 'தி லூசி ஷோ' என்ற அவருடைய அடுத்த தொடரும் டெசிலுவோடு சேர்ந்தே விற்பனையானது. அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தும், வேறொருவருக்குச் சொந்தமான நிகழ்ச்சியில் நடிக்க மனமில்லாமல் 1968இல் அதை நிறுத்தினார். லூசில் பால் புரொடக்‌ஷன்ஸ் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கி, 'ஹியர்ஸ் லூசி' என்ற புதிய தொடரில் 1974 வரை நடித்தார், அவருடைய இரு பிள்ளைகளும் அதில் நடித்தார்கள். இந்த முறை உரிமையைப் பேசி வாங்க டெசி இல்லை. 1986இல் வந்த கடைசித் தொடர் சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. 1989 ஏப்ரல் 26 அன்று, தம் 77ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனையில் அவர் காலமானார்.

'ஐ லவ் லூசி' இன்னும் சி.பி.எஸ். வசம்தான் இருக்கிறது. 2013 டிசம்பர் முதல் அதன் சில பகுதிகளுக்கு வண்ணமூட்டி, பண்டிகைக் காலத்தில் முக்கிய நேரத்தில் ஒளிபரப்பத் தொடங்கினார்கள். நல்ல 35 மில்லிமீட்டர் பிலிம் கைவசம் இருந்ததால்தான் அந்த வேலை இயன்றது. அந்த வண்ணப் பகுதிகளில் லூசியின் முடி சிவப்பாகவே இருக்கிறது.